கயிற்றின் அடிமுனையில் நிற்கும் பிள்ளை

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் புரியும். மகன் ஒன்பதாம் வகுப்பு. நீச்சல் வகுப்பில் சேர்ந்து இரண்டே வாரத்தில் நின்றுவிட்டான். பள்ளிக் கிரிக்கெட் அணியில் பெயர் வரவில்லை என்றதும் மட்டையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டான். கணக்கில் மதிப்பெண் குறைந்தால் அடுத்த பரீட்சைக்குப் புத்தகத்தையே திறப்பதில்லை. ஜனவரியில் பள்ளியிலிருந்து நான்கு நாள் சாகச முகாமுக்கு அழைத்துப் போகிறார்கள். பாறையேற்றம், கயிற்றில் இறங்குவது, மலைநடை, கூடாரத்தில் தூக்கம். துண்டறிக்கையில் ‘மன உறுதி, தலைமைப் பண்பு, கூட்டுணர்வு’ என்று போட்டிருக்கிறார்கள். “இது உண்மையா, விளம்பரமா? பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெளியே தெரிவது இந்த இரண்டு கேள்விகள். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் உள்ளே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. நாற்பதடி உயரத்தில் கயிற்றில் தொங்கும்போது வருகிற தைரியம், பேருந்து ஊர் திரும்பிய பிறகு கணக்குப் புத்தகத்தின் முன்னாலும் வருமா? உங்களுக்குத் தெரிய வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் ஓசூரில் இருக்கிறேன். பதினேழு வருடமாகப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பாறையேற்றம் சொல்லிக்கொடுக்கிறேன், பெரும்பாலும் பெங்களூரை அடுத்த ராமநகரப் பாறைகளில். உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சி, மேல்நிலைப் பயிற்சி, பயிற்றுநர் பயிற்சி மூன்றையும் முடித்தவன். மனநல மருத்துவன் இல்லை. பாறையில் கண்ணால் கண்டதை உறுதியாகச் சொல்வேன். பிள்ளைகளின் மனதுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றிப் பேசும்போது, ஆராய்ந்தவர்கள் சொன்னதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பேசுவேன்.

முகாம் படங்களைப் பாருங்கள். பாறையின் மேலே ஏறிக்கொண்டிருப்பவன்தான் எப்போதும் படத்தில் இருப்பான். எனக்கு அந்தப் படங்களில் ஒரு குறை உண்டு. கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்பவனை யாரும் எடுப்பதில்லை. நாங்கள் அதை ‘பிலே’ கொடுப்பது என்போம். ஏறுபவனின் இடுப்பில் கட்டிய கயிறு மேலே நங்கூரம் (பாறையுச்சியில் கயிற்றுக்காக உறுதியாகக் கட்டிய பிடிப்பு) வழியாகப் போய்த் திரும்பி, கீழே நிற்பவனின் இடுப்பில் மாட்டிய சிறு கருவிக்குள் நுழைந்து வரும். ஏறுபவன் ஓரடி ஏறினால் கீழே உள்ளவன் ஓரடிக் கயிற்றை இழுத்துக்கொள்ள வேண்டும். மேலே கை வழுக்கினால் கீழே ஒரு கை கயிற்றை இறுக்கிக் கீழ்நோக்கி இழுத்துப் பூட்ட வேண்டும். அந்தக் கைக்குப் பெயர் பிரேக் கை. பள்ளிக்கூடத்தில் ஆயிரம் விதிகள் இருக்கலாம், பாறையடியில் முதல் நாள் நான் சொல்வது ஒன்றுதான்: நான் ‘விடு’ என்று சொல்லும்வரை பிரேக் கை கயிற்றை விடக் கூடாது. மூக்கு அரித்தாலும், கொசு கடித்தாலும், நண்பன் கூப்பிட்டாலும்.

சில வருடங்களுக்கு முன் வந்த ஒரு குழுவில், கூட வந்த ஆசிரியர் ஒரு பையனை முன்கூட்டியே சுட்டிக்காட்டி, “சார், இவன்கிட்ட மட்டும் எதையும் கொடுத்துடாதீங்க” என்றார். பேருந்தில் யாருடைய பையையோ ஜன்னல் வழியே போட்டுவிட்டானாம். நான் அவனிடம்தான் கயிற்றைக் கொடுத்தேன். அவன் கையைத் தாண்டிப் பின்னால் தொங்கும் வால்கயிற்றைப் பிடிக்க இன்னொருவனை நிறுத்தி, நானும் ஒரு கை தூரத்தில் நின்றேன். ஏறியவன் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குபவன், இவனைவிடக் கனமானவன். பாதியில் கால் வழுக்கி ஒரு சாண் கீழே இறங்கினான், கயிறு இறுகியது, நின்றது. மேலிருந்து “டேய், பிடிச்சிருக்கியா?” என்று ஒரு குரல். கீழிருந்து, “பிடிச்சிருக்கேன்டா, போ.” அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். ஏறியவன் இறங்கி வந்து, முடிச்சை அவிழ்த்து, தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். இவன் மட்டும் கயிற்றை இடுப்போடு இறுக்கிப் பிடித்தபடி அங்கேயே நிற்கிறான். “விடுடா, அவன் இறங்கிட்டான்” என்றேன். “நீங்க விடச் சொல்லலையே அண்ணா” என்றான்.

பொறுப்பு என்ற சொல்லை அந்தப் பையனிடம் யாரும் அதற்கு முன் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார்கள். திட்டும்போதெல்லாம் சொல்லியிருப்பார்கள். ஆனால் பொறுப்பின் எடை கையில் எப்படி இருக்கும் என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். ஒருவனின் முழு உடல் எடையும் தன் உள்ளங்கையில் இறுகி நின்றதை அவன் உணர்ந்தான். கோத்தகிரிப் பக்கம் போயிருந்தபோது, மலைத்தேன் எடுக்கும் குறும்பர் பழங்குடியினரைப் பற்றி ஒரு செய்தி சொன்னார்கள். செங்குத்துப் பாறையில் கொடிக்கயிற்றில் இறங்குபவனுக்கு மேலே நின்று கயிற்றைக் காப்பவன் மைத்துனனாக இருப்பானாம், தங்கை தாலியறுக்க அவன் விடமாட்டான் என்பதால். கயிற்றை யார் கையில் கொடுப்பது என்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள். பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு நம்முடைய வாழ்க்கையில் இப்படி ஒரு நம்பிக்கையை ஒப்படைக்கிற இடம் அநேகமாக எங்குமே இல்லை. சாகச விளையாட்டில் பண்பு ஏதாவது படிகிறது என்றால் முதலில் இங்கேதான் படிகிறது என்பது என் அனுபவம்.

இனி உங்கள் மகனின் சிக்கலுக்கு வருகிறேன். தோற்றதும் விட்டுவிடுவது. பாறையேற்றத்தில் ஒரு வினோதம் உண்டு. தோற்பதுதான் அங்கே அன்றாட வேலை. ஒரு பிள்ளை ஒரு மணி நேரத்தில் பத்துப் பதினைந்து முறை கைவிட்டுக் கயிற்றில் தொங்கும். யாரும் அதைக் குறித்துவைப்பதில்லை, யாரும் மதிப்பெண் போடுவதில்லை. விழுந்ததும் காரணம் உடனே தெரிந்துவிடும். கால் வைத்த இடம் தப்பு, அல்லது கையை மடக்கியே பிடித்திருந்ததால் முன்கை சோர்ந்துவிட்டது. கணக்குப் பரீட்சையில் செய்த தப்பு மூன்று வாரம் கழித்துச் சிவப்பு மையில் வருகிறது, அதற்குள் அது தப்பு என்பதே போய் ‘நான் மக்கு’ என்றாகிவிடுகிறது. பாறையில் அந்த இடைவெளி கிடையாது. ஒரு மாணவி நெற்றியளவு உயரத்தில் இருந்த ஒரு விளிம்பை எட்ட ஒன்பது முறை முயன்றாள். ஒன்பது முறையும் கையால் இழுத்தே ஏறப் பார்த்தாள். பத்தாவது முறை, நான் சொல்லாமலே, வலது காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி ஒரு சின்னப் பள்ளத்தில் ஷூவின் நுனியை வைத்து எழுந்தாள். கை தானாக விளிம்பில் போய் உட்கார்ந்தது. இறங்கி வந்து தோழியிடம் அவள் சொன்னது: “கை இல்லடி, கால்.”

ஆல்பர்ட் பாண்டுரா என்ற உளவியலாளர் 1977இல் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் துறையில் இன்றும் அடிப்படை. ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று கேட்டு நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் ஊக்கச் சொல், உடம்பு காட்டும் பதற்றத்தை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது. இவற்றில் முதலாவதுதான் வலுவானது. வீட்டில் நாம் கொடுப்பது பெரும்பாலும் மூன்றாவது. ‘உன்னால முடியும்டா’ என்று நூறு முறை சொல்கிறோம். பாறையில் முதல் இரண்டும் ஒரே காலைப் பொழுதில் கிடைக்கின்றன. நான்காவதும் கிடைக்கும். ஏறும்போது கால் தையல் மெஷின் போலத் தடதடவென ஆடும். ‘பயத்தில் ஆடுகிறது’ என்று நினைத்தால் இன்னும் ஆடும். ‘குதிகாலைக் கொஞ்சம் இறக்கு, தசை சோர்ந்துபோய்விட்டது’ என்று சொல்லிக்கொடுத்தால் நின்றுவிடும். நடுக்கத்தைச் சரிசெய்ய முடியும் என்று தெரிந்துகொண்ட பிள்ளைக்கு அந்த நடுக்கம் பிறகு அவ்வளவு பெரிய விஷயமாகத் தெரிவதில்லை.

பயத்தைப் பற்றிப் பேசும்போது நான் செய்த ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம். அறுபதடிப் பாறையிலிருந்து கயிற்றில் இறங்கும் பயிற்சி. ராப்பெல்லிங் எனப்படும் இந்த இறக்கத்தில் மிகக் கடினமான நொடி முதல் நொடிதான். முதுகைப் பள்ளத்துக்குக் காட்டி, கயிற்றை நம்பிப் பின்னால் சாய வேண்டும். ஒரு பையன் விளிம்பில் நின்று, “வேண்டாம் அண்ணா, வேண்டாம்” என்றான். நான் சுற்றி நின்றவர்களைக் கைதட்டச் சொன்னேன். பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அவன் இறங்கினான். கீழே வந்ததும் எல்லோரும் தோளில் தட்டினார்கள், நானும் தட்டினேன். அவன் புதர்ப் பக்கம் போய் வாந்தி எடுத்தான். மறுநாள் காலை காய்ச்சல் என்று கூடாரத்தை விட்டு வரவில்லை. மூன்றாம் நாளும் வரவில்லை. எந்தக் காய்ச்சலும் இல்லை என்று எனக்குத் தெரியும். அறுபதடி இறங்கியதால் அவனுக்கு என்ன கிடைத்தது? தன் வாயால் சொன்ன ‘வேண்டாம்’ எடுபடாது என்ற பாடம் கிடைத்தது. அதை நான் கற்றுக்கொடுத்தேன். இன்றும் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

அன்றிலிருந்து என் பாறையில் ஒரு வழக்கம். விளிம்புக்கு வந்து ‘இன்று வேண்டாம்’ என்று யார் சொன்னாலும் சரி, காரணம் கேட்க மாட்டேன். ‘சரி, வா’ என்று சொல்லி, அவர்களை நங்கூரம் கட்டும் இடத்துக்கு அழைத்துப் போய் ஒரு வேலை கொடுப்பேன். காரபினர் எனப்படும் உலோகக் கொக்கிகளின் பூட்டுகளைச் சரிபார்ப்பது, இறங்குபவரின் ஹெல்மெட் வாரைப் பார்ப்பது. மறுத்தவர்களில் பலர் அன்று மாலையோ மறுநாளோ தாங்களாகவே வந்து நிற்பார்கள். வராதவர்களும் உண்டு. இரண்டுமே எனக்குச் சம்மதம்.

கொஞ்சம் கஷ்டம் நல்லது, நிறையக் கஷ்டம் நல்லதல்ல என்பது பாட்டி சொன்னதுதான் என்றாலும், மார்க் சீரி என்பவரும் உடன் ஆய்ந்தவர்களும் அமெரிக்காவில் பெரிய அளவில் கேட்டறிந்து 2010இல் வெளியிட்ட ஆய்வும் ஏறத்தாழ இதையே சொன்னது. வாழ்க்கையில் சில இன்னல்களைக் கண்டவர்கள், மிகப்பல இன்னல்களைக் கண்டவர்களைவிட மட்டுமல்ல, எதையுமே காணாதவர்களைவிடவும் மனநலத்தில் சற்று மேலாக இருந்தார்கள். ஆனால் அது பார்த்துச் சொன்னது, சோதித்து நிரூபித்தது அல்ல. அவர்கள் பேசியது நோய், இழப்பு போன்ற நிஜத் துன்பங்களைப் பற்றி, கயிற்றில் இறங்குவதைப் பற்றி அல்ல. அதைப் பிடித்துக்கொண்டு ‘பிள்ளையைக் கஷ்டப்படுத்தினால் உறுதி வரும்’ என்று முடிவுகட்டும் பயிற்றுநர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் உங்கள் மகனை அனுப்பாதீர்கள்.

சாகசத்தின் மூலம் குணத்தை வளர்ப்பது என்ற யோசனையை ஒரு கல்வி முறையாக்கியவர் கர்ட் ஹான். ஜெர்மானிய யூதர். ஹிட்லர் ஆட்சியில் சிறைப்பட்டு வெளியேறி, 1934இல் ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டன் பள்ளியைத் தொடங்கினார். 1941இல் கப்பல் கம்பெனி நடத்திய லாரன்ஸ் ஹோல்ட்டுடன் சேர்ந்து வேல்ஸின் அபர்டோவியில் ‘அவுட்வர்ட் பவுண்ட்’ பள்ளியை ஆரம்பித்தார். போரில் கப்பல் மூழ்கிப் படகில் தத்தளிக்கும்போது, உடல் வலு மிகுந்த இளம் மாலுமிகள் நம்பிக்கை இழந்துவிடுகிறார்கள், வயதில் மூத்தவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பது ஹோல்ட்டின் எண்ணம். அது கணக்கெடுத்துச் சொன்னது அல்ல, அனுபவத்தில் தோன்றியது. அந்த எண்ணத்திலிருந்து பிறந்த பயிற்சி ஏறக்குறைய ஒரு மாதம் நீண்டது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் 1967இல் அதே பெயரில் ஒரு பள்ளி உபின் தீவில் தொடங்கியது. அங்கே படித்த நம் பிள்ளைகளைக் கேட்டால் சேற்றிலும் மழையிலும் துடுப்புப் போட்ட கதையைச் சொல்வார்கள்.

சரி, பலன் உண்டா? பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்ப்பதைத் தொகுப்பாய்வு என்பார்கள்; இதுவரை வந்தவற்றில் நான் அதிகம் மதிக்கும் தொகுப்பாய்வு ஜான் ஹாட்டியும் மூவரும் 1997இல் வெளியிட்டது. 96 ஆய்வுகள், பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பங்கேற்பாளர்கள். முகாம் முடிந்ததும் தெரிந்த சராசரி முன்னேற்றம், நூறு பேர் வரிசையில் நடுவில் நின்ற ஒருவர் பத்துப் பன்னிரண்டு இடம் முன்னே நகர்ந்தது போன்றது. நடுத்தரமான பலன். மற்றக் கல்வி முயற்சிகளோடு ஒப்பிட்டால் இது ஒன்றும் அபாரமில்லை. ஆனால் ஒரு விஷயம் அவர்களையே வியக்கவைத்தது. சாதாரணமாக இப்படிப்பட்ட பயிற்சிகளின் பலன் நாள் போகப்போகக் கரையும். இங்கே, சில காலம் கழித்து மறுபடி பார்த்தபோது, கொஞ்சம் கூடியிருந்தது. அப்புறம், முகாமுக்கு முகாம் வேறுபாடு மிக அதிகம். நீண்ட பயிற்சிகள், குறிப்பாக இருபது நாளுக்கு மேற்பட்டவை, குறுகிய முகாம்களைவிட நல்ல பலன் தந்தன. உங்களுடையது நான்கு நாள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் கேட்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் வெளிப்புறக் கல்வி கற்பித்த ஆண்ட்ரூ புரூக்ஸ் 2003இல் ஹானின் வழிவந்த நம்பிக்கையைக் கடுமையாகக் கேள்வி கேட்டார். மனிதன் நடந்துகொள்வதை அவனுடைய குணத்தைவிடச் சூழ்நிலையே அதிகம் தீர்மானிக்கிறது. காட்டில் ஒருவன் துணிச்சலாக, உதவியாக இருந்தான் என்றால், காட்டில் அப்படி இருந்தான் என்றுதான் பொருள். வீட்டுக்கு வந்ததும் பழைய அறை, பழைய செல்போன், பழைய நண்பர்கள், பழைய பையன். முகாம் முடிந்த அன்றே கேள்வித்தாள் கொடுத்தால் எல்லாரும் நெகிழ்ச்சியில் ‘என் வாழ்க்கையே மாறிவிட்டது’ என்று எழுதுவார்கள் என்பதும் உண்மை, நானே அப்படிப்பட்ட தாள்களைக் கட்டுக்கட்டாக வாங்கி வைத்திருக்கிறேன். புரூக்ஸ் சொல்வதில் பெரும்பகுதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். தைரியம் தானாக ஊருக்கு வராது. யாராவது அதைக் கைப்பிடித்து அழைத்து வர வேண்டும். அந்த மாணவி “கை இல்லடி, கால்” என்று சொன்ன அன்று மாலை, நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, ‘இப்படி ஒன்பது முறை ஒரே மாதிரி முயன்றுகொண்டிருக்கிற வேறு விஷயம் உனக்கு ஏதாவது இருக்கா?’ என்று கேட்டேன். நீண்ட நேரம் யோசித்துவிட்டு, “இங்கிலீஷ் கட்டுரை. மனப்பாடம் பண்ணிக்கிட்டே இருக்கேன்” என்றாள். இந்தப் பேச்சு நடக்காத முகாமில் பாறை வெறும் பாறைதான். பேச்சு நடந்தாலும் அதற்குப் பிறகு அவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் எங்களிடம் வரும் பிள்ளைகள் நான்காம் நாள் பேருந்தில் ஏறிப் போய்விடுகிறார்கள். எங்கள் தொழிலின் பெரிய குறை இது.

பண்புகளைப் பற்றி இன்னும் ஒன்று. மலை மனிதனை நல்லவனாக்கும் என்று சிலர் நெக்குருகிப் பேசுவார்கள். அது அப்படி இல்லை. 2006 மே மாதம் எவரெஸ்ட்டின் வடக்குப் பாதையில் டேவிட் ஷார்ப் என்ற பிரிட்டிஷ்காரர் உறைந்து இறந்துகொண்டிருந்தபோது சுமார் 40 பேர் அவரைத் தாண்டிப் போனதாகச் செய்திகள் வந்தன. அவர்களில் சிலர் அவர் ஏற்கெனவே இறந்துவிட்டார் என்று நினைத்தார்கள், சிலர் உதவவும் முயன்றார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்குப் பதினொரு நாள் கழித்து, அதே பாதையில், இறந்துவிட்டதாக வீட்டுக்கே செய்தி போய்விட்ட லிங்கன் ஹால் என்ற ஆஸ்திரேலியர் உயிரோடு உட்கார்ந்திருப்பதை டான் மேசரின் குழு கண்டது. உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர்கள் ஏறுவதை விட்டுவிட்டு, மீட்புக்குழு வரும்வரை மணிக்கணக்கில் அவரோடு இருந்தார்கள். ஹால் பிழைத்தார். அதே மலை, அதே மாதம், அதே குளிர். ஒருவர் எந்தப் பழக்கத்தோடு மலைக்குப் போகிறாரோ, கூட இருப்பவர்கள் எதைப் பெரிதென்று நினைக்கிறார்களோ அதைத்தான் மலை வெளியே காட்டுகிறது. ‘முதலில் உச்சிக்குப் போனவருக்குப் பரிசு’ என்று நடத்தும் முகாம் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கும். ‘கடைசி ஆள் வந்த பிறகுதான் எல்லாருக்கும் சாப்பாடு’ என்று நடத்தும் முகாம் வேறொன்றைக் கற்றுக்கொடுக்கும்.

ராமநகரத்திலேயே எங்களுக்கு ஒரு பாடம் வாய்த்திருக்கிறது. அங்குள்ள ராமதேவர பெட்டா மலையின் பாறைமுகங்களில் கருங்கழுத்துப் பாறுகள், அதாவது செத்த கால்நடைகளைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகள், கூடு கட்டுகின்றன. கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்தால் இந்தியாவில் அழிவின் விளிம்புக்குப் போன பறவை. 2012இல் அந்த மலையைப் பாறுகளின் சரணாலயமாக அறிவித்தார்கள். நல்ல ஏற்றப் பாறைகள், ஆனால் அங்கே ஏறக் கூடாது. எதிர்ப்புறம் நின்று தொலைநோக்கியில் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். ‘ஏற முடியும், இருந்தும் ஏற மாட்டோம்’ என்பதை அவர்கள் எளிதாகப் புரிந்துகொள்கிறார்கள், பெரியவர்கள்தான் வாதாடுவார்கள்.

ஆபத்து பற்றிய உங்கள் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்கிறேன். ஆபத்து உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலைநடை போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா தண்டா சிகரத்தில் பனிச்சரிவில் நான் படித்த அதே நிறுவனத்தின் மேல்நிலைப் பயிற்சிக் குழு சிக்கியது. 27 உடல்கள் மீட்கப்பட்டன. அந்தச் செய்தி வந்த வாரம் நான் பாறைக்கே போகவில்லை. மேலே நங்கூரம் வழியாக வரும் கயிறு கட்டி, ஹெல்மெட் போட்டு, தேர்ந்தவர் மேற்பார்வையில் நாற்பதடிப் பாறை ஏறுவது இவற்றோடு ஒப்பிட முடியாத அளவு பாதுகாப்பானது என்றாலும், ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்லும் பயிற்றுநரை நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்த இயன் மெக்கமன், மனிதர்கள் ஏமாறும் சில வழக்கமான கண்ணிகளைக் காட்டினார். பழகிய இடம்தானே என்ற எண்ணம், தொடங்கிவிட்டோம் முடித்துவிடுவோம் என்ற பிடிவாதம், தலைவருக்குத் தெரியாததா என்ற நம்பிக்கை. மூன்றாவது நம் பிள்ளைகளுக்கு மிகப் பொருந்தும். பெரியவர் சொன்னால் மறுபேச்சுப் பேசாதே என்றுதானே வளர்க்கிறோம்? அதனால் நான் சில நேரம் வேண்டுமென்றே என் ஹார்னஸ் (கயிற்றை மாட்டும் இடுப்புப் பட்டை) வாரைச் சரியாக மாட்டாமல், தரையிலேயே, பிள்ளைகள் முன் நிற்பேன். யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி, “அண்ணா, உங்க பக்கிள்...” என்று சொல்வதற்கு சில நேரம் பத்து நிமிடம் ஆகும். சொன்ன பிள்ளையை அன்று முழுதும் பாராட்டுவேன்.

ஆகவே பள்ளியிடம் இவற்றைக் கேளுங்கள். பாறைப் பகுதியை நடத்துபவர்கள் எங்கே பயின்றவர்கள், ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பிள்ளைகள். நங்கூரம் ஒற்றையா, ஒன்றுக்கு இரண்டாகக் கட்டுகிறார்களா. ஏறுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் இருவர் சரிபார்க்கிறார்களா. முதலுதவி தெரிந்தவர் யார், பக்கத்து மருத்துவமனை எத்தனை நிமிடத்தில், வண்டி முகாமிலேயே நிற்குமா. மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் ‘நிறுத்திவிடுவோம்’ என்ற பதில் உடனே வர வேண்டும். பிறகு, பிள்ளை மாட்டேன் என்றால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். ‘அதெல்லாம் நாங்க பழக்கிடுவோம்’ என்று சிரித்தால் யோசியுங்கள். பிள்ளைகள் கயிறு பிடிப்பார்களா, அல்லது வரிசையில் நின்று ஒரு முறை ஏறி ஒரு முறை இறங்கி ஃபோட்டோ எடுத்துக்கொள்வதுதானா என்றும் கேளுங்கள். நூற்றைம்பது பேரை ஒரே நாளில் ஒரே பாறையில் ஏற்றி இறக்கும் முகாமில் பாறைப் பகுதிக்கு நீங்கள் கொடுக்கும் பணம் வீண், கூடாரத்தில் தூங்கிய மகிழ்ச்சி மட்டும் மிஞ்சும். அதுவும் பதினான்கு வயதில் சின்ன விஷயமில்லைதான்.

பதில்கள் திருப்தியாக இருந்தால் அனுப்புங்கள் என்பதே என் கருத்து. அவனுக்கும் போக விருப்பம் இருக்க வேண்டும், அதை முதலில் கேளுங்கள். ஆனால் ‘எதையும் பாதியில் விடும்’ பழக்கம் நான்கு நாளில் மாறும் என்று எதிர்பார்க்காதீர்கள், அவனிடமும் அப்படிச் சொல்லி அனுப்பாதீர்கள். அவனுக்குப் பிடித்திருந்தால் வாரம் ஒரு நாள் செயற்கைச் சுவரிலோ, மாதம் ஒரு நாள் பாறையிலோ தொடர வழி இருக்கிறதா என்று பாருங்கள். என்னிடம் உண்மையாகவே மாறினார்கள் என்று நான் துணிந்து சொல்லக்கூடிய பிள்ளைகள் எல்லாருமே வருடக்கணக்கில் வந்தவர்கள். இன்னொன்று, அவன் விளையாட்டில் மட்டுமல்லாமல் சாப்பாடு, தூக்கம், நண்பர்கள் எல்லாவற்றிலிருந்தும் வாரக்கணக்கில் விலகியிருந்தால், அது முகாமுக்கான விஷயமே இல்லை. ஒரு மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள், பாறை காத்திருக்கும்.

போவதற்கு முன் காலணியை இரண்டு வாரம் போட்டுப் பழகச் சொல்லுங்கள், புதுக் காலணியால் கொப்புளம் வந்து அழும் பிள்ளைகள் ஏராளம். ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை எது இருந்தாலும் எழுதிக் கொடுங்கள், வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். திரும்பி வந்த அன்று இரவு அவன் அசதியில் தூங்கிவிடுவான், விட்டுவிடுங்கள். மறுநாள் சாப்பிடும்போது கேளுங்கள். எவ்வளவு உயரம் ஏறினாய் என்று எல்லாரும் கேட்பார்கள். நீங்கள், யாருக்கெல்லாம் கயிறு பிடித்தாய் என்று கேளுங்கள். பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தான் என்றால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.